வட கானாவின் 'ஆவிக் குழந்தைகள்': ஒரு நம்பிக்கையும் அதன் விலையும்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், புர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டிய வடபகுதிக் கிராமங்களில், உடற்குறையோடும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டோடும் பிறக்கும் சில குழந்தைகள் மனிதப் பிறவிகளாகவே கருதப்படாமல் போன கதை நீண்டது. அவை காட்டில் உலவும் ஆவிகள் என்றும், குழந்தை வடிவெடுத்து வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தை அழிக்க வந்தவை என்றும் அங்கு பலர் நம்பினர். அப்படி முடிவு செய்யப்பட்ட குழந்தைக்கு நச்சுக் கசாயம் புகட்டப்பட்டது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், காசெனா நாங்கானா பகுதியிலுள்ள ஏழு ஊர்களில் இந்த வழக்கம் ஒழிக்கப்படுவதாக அப்பகுதியின் பாரம்பரியத் தலைவர்கள் அறிவித்தனர். இனிமேல் குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய முற்படுவோர் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படுவார்கள் என்று பெருந்தலைவர் நாபா ஹென்றி அபாவினே அமெங்கா-எட்டிகோ தெரிவித்தார். உலகெங்கும் செய்தியாக வெளிவந்த அறிவிப்பு அது. ஒரு வழக்கத்தை அறிவிப்பின் மூலம் தடை செய்யலாம். அதற்குப் பின்னால் இருக்கும் அச்சத்தை அவ்வாறு தடை செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.

காட்டிலிருந்து வரும் ஆவி

காசெனா, நாங்கானி மக்கள் வாழும் இப்பகுதி கானாவின் மேல் கிழக்கு மாகாணத்தில் உள்ளது. நவ்ரோங்கோ, போல்கட்டாங்கா ஆகியவை அதன் முக்கிய நகரங்கள். பெண்கள் தீட்டும் சுவரோவியங்களுக்கும் மண்பாண்டங்களுக்கும் பெயர் பெற்ற சிரிகு என்ற ஊரும் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். கம்பும் சோளமும் விளையும் நிலம். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் தானியக் குதிர்கள் காலியாகிவிடும்; பசி வழக்கமான ஒன்றாகிவிடும். வேலை தேடித் தெற்கே குமாசிக்கும் தலைநகர் அக்ராவுக்கும் செல்லும் ஆண்கள் பலர்.

இம்மக்களின் உலகப் பார்வையில் வீடும் விளைநிலமும் மனிதர்களுக்கு உரியவை. அதற்கு அப்பாலுள்ள புதர்க்காடு ஆவிகளுக்கு உரியது. இரண்டுக்கும் இடையிலான எல்லை மீறப்படும்போது ஆபத்து நேர்கிறது. காசெம் மொழியில் 'சுச்சுரு' என்று அழைக்கப்படும் ஆவி, ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து வந்து அவள் வயிற்றில் பிள்ளையாக உருவெடுக்கும் என்பது நம்பிக்கை. எந்தப் பெண்ணை? நடந்துகொண்டே உண்பவளை, வேளை கெட்ட வேளையில் வெளியே செல்பவளை, காட்டுவெளியில் ஆணுடன் கூடியவளை என்று விளக்கம் சொல்லப்படுகிறது. குழந்தை குறித்த ஐயம் தொடங்கும் அதே கணத்தில் தாயின் நடத்தை குறித்த விசாரணையும் தொடங்கிவிடுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

எந்தக் குழந்தை ஐயத்துக்கு உள்ளாகிறது என்பதற்கு வரையறுக்கப்பட்ட பட்டியல் கிடையாது. இயல்பை மீறிப் பெருத்த தலை, பிறக்கும்போதே பல், வளைந்த கைகால்கள் போன்றவை உடனடியாக அச்சத்தைக் கிளப்புகின்றன. ஆனால் உடலில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளும் சந்தேகிக்கப்பட்டது உண்டு. பிரசவத்தில் தாய் இறந்துபோனாலோ, குழந்தை பிறந்த சில நாட்களில் வீட்டில் அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தாலோ, குழந்தை இரவெல்லாம் ஓயாமல் அழுதாலோ, நோய் தீராமல் நீடித்தாலோ அதன்மீது பார்வை திரும்பும்.

ஐயம் எழுந்தவுடன் கொலை நடந்துவிடுவதில்லை. குடும்பத் தலைவரும் தந்தையும் குறிசொல்பவரிடம் சென்று முன்னோர்களின் கருத்தைக் கேட்கின்றனர். குழந்தை ஆவியல்ல, மனிதப் பிறவிதான் என்று முன்னோர்கள் 'பதில்' தருவதும் உண்டு. அப்போது குழந்தைக்கு வைத்தியம் தொடர்கிறது. ஆவிதான் என்று முடிவானால், பரம்பரையாக இதற்கென்றே உள்ள கசாயக்காரர் அழைக்கப்படுகிறார். அவர் கொடுக்கும் கசாயத்தைக் குடித்தும் குழந்தை பிழைத்தால் அது மனிதப் பிறவி என்றும், இறந்தால் ஆவி என்றும் கொள்ளப்படும். நோயுற்று நலிந்த பச்சிளம் குழந்தைக்கு இத்தகைய சோதனையில் என்ன வாய்ப்பு இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எத்தனை பேர்?

இந்த வழக்கத்தைப் பற்றிய வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நேர்மையான விடை எளிதல்ல. பிறப்பும் இறப்பும் வீட்டுக்குள்ளேயே நிகழும் ஊர்களில், பதிவாகாமல் போன குழந்தைகளைக் கணக்கெடுப்பது எப்படி?

நவ்ரோங்கோ சுகாதார ஆராய்ச்சி மையம் 1990களின் தொடக்கத்திலிருந்து இம்மாவட்டத்தில் வீடு வீடாகப் பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்து வந்துள்ளது. இறந்தவரின் குடும்பத்தாரிடம் விரிவாகப் பேசி மரணத்துக்கான காரணத்தைக் கணிக்கும் முறையும் அங்கு பின்பற்றப்பட்டது. பாஸ்கல் அலோட்டி, டேனியல் ரெய்ட்பாத் ஆகிய இரு ஆய்வாளர்கள் இந்த வகைத் தகவல்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, மருத்துவப் புள்ளிவிவரங்களில் இடம்பெறாத 'ஆவிக் குழந்தை' என்ற காரணம் சிசு மரணங்களுக்குப் பின்னால் இருப்பதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தப் படத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நாங்கானி சமூகத்திடையே பல ஆண்டுகள் களஆய்வு செய்து, 2017ஆம் ஆண்டு இது குறித்து நூல் வெளியிட்ட மானுடவியலாளர் ஆரன் டென்ஹம், ஆவிக் குழந்தை என்று பேசப்பட்ட எல்லாக் குழந்தைகளும் கொல்லப்பட்டதாகக் கொள்வது தவறு என்று சுட்டிக்காட்டுகிறார். நோயால் இறந்துபோன குழந்தையைப் பற்றிப் பின்னர், 'அது ஆவியாகத்தான் இருந்திருக்க வேண்டும்' என்று குடும்பத்தார் விளக்கம் சொல்வதும் உண்டு. மரணத்துக்குப் பிறகு வரும் அந்த விளக்கம், இழப்பைத் தாங்கிக்கொள்ளும் ஒரு வழி.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு முழுச் சமூகத்தையே சிசுக் கொலைகாரர்களாகச் சித்தரிக்கும் செய்திகள் அப்பகுதி மக்களை வாய் மூடச் செய்தன. எதை மாற்ற வேண்டும் என்பதையும் மறைத்தன. அதே வேளையில், கொலைகள் நடந்ததே இல்லை என்று வாதிடவும் இடமில்லை. கசாயம் கொடுத்தவர்களே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

அச்சத்தைக் கிளப்பிய ஒவ்வோர் அறிகுறிக்கும் மருத்துவத்தில் பெயர் உண்டு. அவற்றில் சில முற்றிலும் தீங்கற்றவை. பிறக்கும்போதே பல் இருப்பது ஏறத்தாழ 2,000 முதல் 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுவது. பால் குடிப்பதற்கு இடையூறாக இருந்தால் அப்பல்லை அகற்றிவிடுவார்கள். அவ்வளவுதான்.

தலை பெருத்தல் அவ்வளவு எளிய பிரச்சினை அல்ல. மூளையைச் சூழ்ந்துள்ள திரவம் வடிய வழியின்றித் தேங்கும்போது, இன்னும் இறுகாத மண்டையோட்டு எலும்புகள் விலகித் தலை பெரிதாகிறது. குழந்தையின் உடல் மெலிந்துகொண்டே போக, தலை மட்டும் வாரந்தோறும் வளர்வதைக் கண்ட ஒரு குடும்பம், இது மனித வளர்ச்சி அல்ல என்று அஞ்சியதில் வியப்பில்லை. பிறவிக் கோளாறாகவும் இது வரலாம். பிறந்த சில வாரங்களில் ஏற்படும் கிருமித் தொற்றின் பின்விளைவாகவும் வரலாம். உகாண்டாவில் இந்நோயுடன் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தொற்றே காரணம் என்று அங்குள்ள ம்பாலே நகரில் பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் கண்டறிந்தார். மூளையில் குழாய் பொருத்துவதற்கு மாற்றாக, உள்நோக்குக் கருவி மூலம் திரவத்துக்கு வழி ஏற்படுத்தும் முறையை அவர் 2000களில் அங்கு வளர்த்தெடுத்தார். குழாய் அடைத்துக்கொண்டால் மருத்துவமனைக்கு விரைய முடியாத கிராமத்துக் குழந்தைக்கு இது பெரிய வேறுபாடு.

முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறைபாட்டைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட ஒன்று. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் இக்குறைபாடு மீண்டும் வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991ஆம் ஆண்டு காட்டியது. ஒரு சிறு மாத்திரை. ஆனால் கருவுற்ற பிறகும் பல மாதங்கள் கழித்தே மருத்துவ நிலையத்துக்குச் செல்லும் பெண்ணுக்கு அது காலம் கடந்த மருந்து.

நீண்ட பிரசவத்தில் மூச்சுத் திணறியதாலும், கவனிக்கப்படாத மஞ்சள் காமாலையாலும் ஏற்படும் மூளை முடக்குவாதமும் இப்படித்தான். மேலும், வட கானா ஆப்பிரிக்காவின் 'மூளைக் காய்ச்சல் வளையம்' எனப்படும் நாடுகளின் வரிசையில் அமைந்துள்ளது. 1996, 1997ஆம் ஆண்டுகளில் அங்கு பெரும் கொள்ளைநோயாகப் பரவிய மூளையுறை அழற்சி, உயிர் தப்பிய பலரது செவித்திறனைப் பறித்தது. நேற்று வரை நன்றாக இருந்த குழந்தை திடீரென மாறிப்போவதற்கு, அருகில் மருத்துவர் இல்லாத ஊரில் வேறு யார் விளக்கம் தருவார்கள்?

தாயின் மீது விழும் பழி

இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகளாகத் தமிழ் வாசகர்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்த நம்பிக்கையின் அடித்தளம் நமக்கு அந்நியமானதல்ல. கிரகண வேளையில் கர்ப்பிணி வெளியே வந்தால், அல்லது கத்தியையும் ஊசியையும் தொட்டால், பிள்ளை உதட்டுப் பிளவுடன் பிறக்கும் என்ற எச்சரிக்கையைத் தமிழகத்திலும் ஈழத்திலும் மட்டுமன்றி, புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் கேட்கலாம். கருவில் மேலுதடு உருவாகி இணைவது நான்காவது முதல் ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பல பெண்கள் தாங்கள் கருவுற்றிருப்பதை உறுதி செய்துகொள்ளும் முன்பே நடந்து முடியும் நிகழ்வு அது. ஏழாவது மாதத்தில் வரும் கிரகணத்துக்கு அதில் எந்தப் பங்கும் இருக்க இயலாது. இருந்தாலும், பிளவுடன் குழந்தை பிறந்த வீட்டில், 'அன்று நீ வெளியே வந்தாயா' என்ற கேள்வி தாயிடம் கேட்கப்படுகிறது. காட்டுவழியில் உண்டாயா என்று நாங்கானிப் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகக் குறைவு.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி தமிழகத்திலும் இலங்கையின் வடக்கிலும் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அதே நாளில், கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் உடற்குறையுள்ள குழந்தைகள் சிலரை அவர்களது பெற்றோர் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர். கிரகண வேளையில் அவ்வாறு செய்தால் குறை நீங்கும் என்ற நம்பிக்கையே காரணம். அழுத குழந்தைகளின் படங்கள் தொலைக்காட்சிகளில் வெளிவந்தன. அந்தப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெறுத்தவர்கள் அல்லர். வேறு வழி எதுவும் பலனளிக்காமல் அங்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஐரோப்பாவும் இதற்கு விலக்கல்ல. மனிதக் குழந்தையை மாயசக்திகள் கவர்ந்து சென்று, அதன் இடத்தில் தம் குழந்தையை வைத்துவிடும் என்ற நம்பிக்கை அங்கு பல நூற்றாண்டுகள் நிலவியது. 1826ஆம் ஆண்டு அயர்லாந்தின் கில்லார்னி அருகே, நிற்கவோ நடக்கவோ பேசவோ இயலாத நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டு இறந்தான். அவனுக்குள் இருந்த மாயப் பிறவியை வெளியேற்றவே அப்படிச் செய்ததாக மூதாட்டி ஒருவர் கூறினார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. மார்ட்டின் லூதரே டெஸ்ஸௌ நகரில் அப்படிப்பட்ட ஒரு குழந்தையைக் கண்டு, அதை ஆற்றில் எறிந்துவிடலாம் என்று சொன்னதாக அவரது உரையாடல்களின் தொகுப்பு குறிப்பிடுகிறது. ஆப்பிரிக்காவின் 'இருண்ட வழக்கங்கள்' என்று எழுதும் செய்தித்தாள்கள் இதை அரிதாகவே நினைவுகூர்கின்றன.

சட்டமும் தலைவர்களும்

கானாவில் சட்டத்துக்குக் குறைவில்லை. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக, 1990ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஏற்பு செய்த நாடு அது. மனிதரின் உடலுக்கும் மனத்துக்கும் ஊறு விளைவிக்கும் மரபு வழக்கங்கள் அனைத்தையும் 1992ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் தடை செய்கிறது. குழந்தைகள் சட்டம் 1998இலும், ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2006இலும் வந்தன. இத்தனைக்குப் பிறகும், சட்டப் புத்தகங்கள் இருந்த அக்ராவுக்கும் சிரிகுவின் மண்வீடுகளுக்கும் இடையே நாட்டின் முழு நீளமும் கிடந்தது.

2013ஆம் ஆண்டு ஜனவரியில் அல் ஜஸீரா தொலைக்காட்சி, கானாவின் புலனாய்வுச் செய்தியாளர் அனஸ் அரமெயாவ் அனஸ் தயாரித்த ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு சென்ற அவர், உடற்குறையுள்ள குழந்தையின் தந்தைபோல நடித்து, கசாயக்காரரை அழைத்தார். குழந்தைக்குப் பதிலாக உயிருள்ளது போன்ற பொம்மையை வைத்திருந்தார். கசாயம் தயாரான வேளையில் காவல்துறை உள்ளே நுழைந்தது. படம் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. எனினும், கேமரா முன் கைது செய்யப்படும் ஒரு முதியவரால் ஒரு நம்பிக்கை மறைந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. அடுத்தவர் இன்னும் இரகசியமாகச் செயல்படக்கூடும்.

அதே ஆண்டு ஏப்ரலில் வந்த தலைவர்களின் அறிவிப்பு வேறு வகையானது. கானாவில் பாரம்பரியத் தலைமைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு. காலாவதியான, தீங்கான வழக்கங்களைக் களைவது தலைவர்கள் மன்றத்தின் கடமைகளில் ஒன்று என்றும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. முன்னோர்களின் பெயரால் நடந்த ஒன்றை, முன்னோர்களின் பெயரால் பேசும் உரிமை உடையவரே நிறுத்தச் சொன்னபோது அதன் எடை வேறாக இருந்தது.

அந்த அறிவிப்புக்குப் பின்னால், ஆஃப்ரிகிட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் சிரிகு பகுதியில் பல ஆண்டுகளாகச் செய்துவந்த பணி இருந்தது. உள்ளூர் ஊழியர்களைக் கொண்டு இயங்கிய அந்த அமைப்பு, கசாயக்காரர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதில் அவர்களிடம் பேசத் தொடங்கியது. தங்கள் தொழிலைக் கைவிட்ட அவர்களில் பலர், குழந்தைகளின் வாழும் உரிமைக்காகக் கிராமங்களில் பேசுபவர்களாக மாறினர். ஐயத்துக்குள்ளான குழந்தை குறித்து முதலில் தெரியவருவது அவர்களுக்குத்தான். அந்தக் குழந்தையையும் தாயையும் மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் இடத்திலும் அவர்களே இருந்தனர். முன்பு கொன்றவர்களுக்கு இப்படி ஒரு கௌரவமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கசாயக்காரர் சொன்னால் நம்பும் ஒரு தந்தையிடம், 'இது நோய், ஆவியல்ல' என்று சொல்ல அவரைவிடத் தகுந்த ஆள் அந்த ஊரில் கிடைத்திருக்க மாட்டார்.

எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே போன்ற ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மேல்வரிசைப் பல் முதலில் முளைக்கும் குழந்தைகளையும், இரட்டையரையும், பெரியோர் ஆசியின்றிப் பிறந்தவர்களையும் 'மிங்கி' என்று ஒதுக்கிச் சாகவிடும் வழக்கத்தை, காரா இன மக்களின் மூத்தோர் 2012ஆம் ஆண்டு கைவிட்டனர். அங்கும் முதல் குரல் எழுப்பியவர் அதே இனத்தில் பிறந்த லாலே லபுகோ என்ற இளைஞர்.

கொலை நின்ற பிறகு

நவ்ரோங்கோவில் 1994ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பரிசோதனைத் திட்டத்தில், செவிலியர்கள் நகர மருத்துவமனைகளை விட்டுக் கிராமங்களிலேயே தங்கி வீடு வீடாகச் சென்றனர். குழந்தை இறப்பு கணிசமாகக் குறைந்தது. அத்திட்டம் பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் கர்ப்பிணிகளுக்கு இலவச மருத்துவக் காப்பீடு வந்தது. 2012இல் வட மாகாணங்களில் மூளையுறை அழற்சிக்கு எதிரான புதிய தடுப்பூசி போடப்பட்டது. இவற்றில் எதுவும் ஆவிக் குழந்தை நம்பிக்கையை எதிர்த்து மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கை அல்ல. ஆனால் ஐயத்துக்குள்ளாகும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைப்பவை இவைதாம்.

உயிர் தப்பிய குழந்தையின் வாழ்க்கை வேறு விதமான கேள்விகளை எழுப்புகிறது. கசாயம் கொடுக்கப்படாவிட்டாலும், போதிய உணவு கொடுக்கப்படாமலோ, விருந்தினர் கண்ணில் படாமல் பின்கட்டில் வைக்கப்பட்டோ வளரும் குழந்தைகள் உண்டு. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைக்கு ஒருவேளை உணவூட்ட நெடுநேரம் பிடிக்கும். விழுங்கும் விதம் தெரியாமல் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் சென்றுவிடும். அதை ஊட்டும் தாய்தான் வயலுக்கும் போக வேண்டும், தண்ணீரும் சுமக்க வேண்டும். கணவன் தெற்கே சென்று திரும்பாமல் போனால் எல்லாப் பாரமும் அவளுடையது. எப்படிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைப்பது, எந்தப் பதத்தில் உணவைப் பிசைவது என்று காட்டித்தர ஒருவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கோ, பேருந்தில் ஒரு முழுநாள் பயணம் செய்து தெற்கேயுள்ள பெரிய மருத்துவமனையை அடைய வேண்டியிருக்கிறது. அந்தப் பயணச் செலவைக் கணக்குப் பார்க்கும் இரவில்தான், பல வீடுகளில் குறிசொல்பவரின் பெயரும் பேச்சில் வருகிறது.